பன்னிரண்டாவது பெயர்

நீ ஊரை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் இப்படி ஒரு கடிதம் வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார். "புள்ள மொத மொதலா வேலைக்குப் போறான், சிரிச்ச மொகமா அனுப்பு" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மூன்று வாரமாக உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தை விழுங்கிக்கொண்டு எள்ளுப்பொடி இடித்து உனக்குக் கட்டிக்கொடுக்க என்னால் முடியவில்லை. இரண்டு முறை பேச்செடுத்தேன். இரண்டு முறையும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம்மா" என்றாய். புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரும். கல்லுக்கு எப்படி வரும்? அதனால்தான் எழுதுகிறேன். ஒரு படியை உன் பெட்டியின் மேல் வைக்கிறேன், இன்னொன்றைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நான் யாரிடமும் வீட்டு விஷயம் பேசாதவள் என்று உனக்குத் தெரியும். ஆனால் தவறு அச்சில் வந்தது. திருத்தம் மட்டும் நம் வீட்டுச் சமையலறையோடு நின்றுவிடக் கூடாது.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையின் பழைய பாதைகளைப் பற்றி நீ ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாய். அதில், அடிவாரத்திலிருந்து கரியாலூர்ப் பக்கம் ஏறுகிற பாதை ஒன்றுக்குத் தனி அத்தியாயம். நாடு விடுதலை பெற்ற பிறகு மலைமக்கள் தாமாக முன்வந்து, கூலி வாங்காமல், கல்லும் மண்ணும் சுமந்து அந்தப் பாதையைப் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு பேரின் பெயர்களையும் கொடுத்திருக்கிறாய். அடிக்குறிப்பில் மூன்று சான்றுகள். புத்தகம் வெளியாவதற்கு முன்பே அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு விழாக்குழு, அந்தப் பன்னிரண்டு பெயரையும் 'உழைப்புக் கொடை அளித்தோர்' என்று கல்லில் வெட்டி, தை பிறந்ததும் பாதையின் மேல்முனையில் நட முடிவு செய்திருக்கிறது. கல்லுக்கு வாசகம் எழுதிக்கொடுத்தவன் நீ.

கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபத்தில் உன் புத்தகத்தை வெளியிட்ட அன்று, நன்றியுரை நடந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றார். பெயர் அலமேலு. வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். கரியாலூரில் அருவிக்குப் போகிற வழியில் டீயும் வடையும் விற்கிறவர். விழாக்குழுவினர் அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி, கல்லில் வரப்போகிற பெயர்களைப் பெருமையாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் தீர்த்தான் என்ற பெயர் வந்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். தீர்த்தான் அவருடைய அப்பா.

"உக்காருங்கம்மா, நன்றியுரை முடியட்டும்" என்று மேடையிலிருந்து யாரோ சொன்னார்கள். "எனுக்கு அஞ்சரைக்கு பஸ்ஸு. உங்க நன்றி எப்ப முடியறது, நான் எப்ப மலை ஏறறது?" என்று அவர் கேட்டார். கூட்டம் சிரித்தது, நீயும் சிரித்தாய். அடுத்து அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. "எங்கப்பன் தானா போவல. கைய கட்டி இட்டுக்கினு போனாங்க. பாறை உருண்டு பாதம் நசுங்கிப் போச்சு. அவுரு பேரப் போட்டு, தானமா செஞ்சாருன்னு கல்லுல வெட்டுவியா நீயி?"

நீ ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாய். எத்தனை மரியாதையாகப் பேசினாய்! "இதுக்கு ஆவணம் எதுனா இருக்குங்களாம்மா? எழுத்துல?" என்று கேட்டாய். "எழுதி வெச்சிக்கினது அவங்க. நாங்க இன்னாத்த எழுதறது?" என்றார். "அப்ப உங்களுக்கு இன்னா வயசு இருக்கும்?" என்றாய். "எட்டு ஒம்பது இருக்கும். அவுருக்குக் கூழு எடுத்துக்கினு போவேன்." "அவ்ளோ சின்ன வயசுல பாத்தது. நெனப்பு மாறியிருக்கலாம் இல்லீங்களா?"

"நெனப்பு மாறும் தம்பி. காலு மாறுமா?"

நீ கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இது மூன்று நூல்களில் பதிவான செய்தி. மாற்றுச் சான்று கிடைத்தால் பரிசீலிக்கலாம்" என்று அறிவித்தாய். முன்வரிசையில் கை தட்டினார்கள். அலமேலு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டவில்லை, எழுந்து பேசவும் இல்லை. அன்று மாலை உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து சங்கராபுரம் வந்தபோது, "பாவம்மா, எமோஷனல் ஆயிட்டாங்க. ஆனா ஆராய்ச்சிக்குன்னு ஒரு மெத்தட் இருக்குதில்ல" என்றாய். காற்றில் சரியாகக் கேட்காதது போல இருந்துவிட்டேன். நன்றாகவே கேட்டது.

ஆவணம் கேட்கிற உன்னை நான் ஒன்று கேட்கிறேன். உன் பிறந்தநாள் எது? நீ ஐப்பசி அடைமழையில் பிறந்தவன். ரிஷிவந்தியத்தில் உன் ஆயா வீட்டுக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. உன்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், "வயசு கம்மியா கீதும்மா, மே மாசம்னு போட்டுக்கறேன்" என்று எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து மதிப்பெண் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், ஆதார், பாஸ்போர்ட் என்று எல்லாம் மே மாதம் என்றே சொல்கின்றன. இப்போது நீ சேரப்போகிற வேலையின் ஆணையும் அதையேதான் சொல்லும். அரசாங்கத்து முத்திரை போட்ட அத்தனை காகிதத்தையும் தள்ளிவிட்டு, ஐப்பசியில் நான் பாயசம் வைத்தால் உட்கார்ந்து குடிக்கிறாய். எந்தச் சான்றை வைத்து? பக்கத்தில் இருந்து பார்த்த ஒருத்தியின் வாய்ச்சொல்லை வைத்து. உன் அம்மா சொன்னால் அது உண்மை, மலைக்காரி சொன்னால் அது நினைவுப் பிழை. இதுதான் நீ படித்த முறையா? அன்றிரவு என் கோபம் இங்கேதான் தொடங்கியது.

மறுநாள் உன் அடிக்குறிப்புகளைத் தேடிப் போனேன். நான் பட்டம் வாங்காதவள். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன்னைத் தூங்கவைத்துவிட்டுக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தவள். ஆனால் ஒரு மேற்கோள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை. உன் முதல் சான்று ஒரு பேராசிரியரின் நூல். அவர் அந்தச் செய்தியை ஒரு கல்லூரி ஆண்டிதழிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த ஆண்டிதழ்தான் உன் இரண்டாவது சான்று. மூன்றாவது, மாவட்டத்தைப் பற்றிய ஒரு கையேடு. அதுவும் அதே ஆண்டிதழைத்தான் காட்டுகிறது. ஆண்டிதழோ ஒரு கோவில் குடமுழுக்கு மலரைச் சொல்கிறது. 'கட்டுரையாளர் பெயர் இல்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறது. உன் மூன்று சான்றும் ஒரே கிணற்றில் மூன்று வாளியால் இறைத்த தண்ணீர். அந்தப் பெயரில்லாத கட்டுரையாளர் யார் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வெகுதூரம் போக வேண்டியிருந்திருக்காது. அது நான்.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது நான் சங்கராபுரத்தில் ஒரு அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்கிற வேலையில் இருந்தேன். மலையடிவாரத்து ஊர் ஒன்றின் குடமுழுக்கு மலர் அச்சுக்கு வந்தது. எல்லாம் முடிந்த நிலையில், விளம்பரம் தருவதாகச் சொன்ன ஒரு ஜவுளிக்கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அரைப் பக்கம் காலி. "பல்லு போன வாயாட்டம் கீது பாரும்மா. எதனா எழுதி ரொப்பு" என்றார் அச்சக முதலாளி. மலர்க்குழுவில் இருந்த ஒருவர் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாதான் அந்த மலைப்பாதை வேலையை எடுத்து நடத்தியவர். வீட்டிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். "மலைக்காரங்க எல்லாம் தானா வந்து செஞ்சாங்க. எங்கப்பா மேல அவ்ளோ பிரியம். அதப் போடு" என்றார். நோட்டில் பதினொரு பெயர்கள் இருந்தன. நான் ஆறு வரி எழுதி, இடத்தை நிரப்ப வசதியாக இருக்கிறதே என்று பெயர்களை இரண்டு பத்தியாக அடித்தேன். 'உழைப்புக் கொடை' என்ற சொல்லை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நல்ல தமிழாக இருக்கட்டும் என்று நானே போட்டேன். அந்த அழகான சொல்லைத்தான் இப்போது கல்லில் வெட்டப் போகிறார்கள்.

இன்னும் இருக்கிறது. நோட்டில் நான்கு பெயர்களுக்கு எதிரே பெருக்கல் குறி போட்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். "அது இன்னாத்துக்கோ போட்டது, வுடும்மா" என்றார். விட்டுவிட்டேன். பக்கத்தை அடித்து முடித்ததும் முதலாளி வந்து பார்த்தார். "ஒரு பக்கம் ஆறு பேரு, ஒரு பக்கம் அஞ்சு பேரு, நொண்டியாட்டம் நிக்குது. இன்னொரு பேரு சேரு" என்றார். யார் பெயரை என்று கேட்டேன். "எவன் வந்து கேக்கப் போறான்? வாய்ல வர்ற பேரப் போடு" என்று சொல்லிவிட்டு மை வாங்கப் போய்விட்டார். என் அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ரிஷிவந்தியத்தில் தையல் கடை வைத்திருந்தவர், மலைப்பக்கம் பஸ்ஸில்கூடப் போனதில்லை. அவர் பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை. தணிகாசலம் என்று அடித்தேன். பன்னிரண்டாவது பெயர்.

உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடுதியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "நம்ம தாத்தா பேருலயே ஒருத்தர் மலைப்பாதை போட்டிருக்காரும்மா" என்று சிரித்தாய். "அப்படியா" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. நீ உன் ஆராய்ச்சியில் எப்படியும் கண்டுபிடித்து அதைத் தள்ளிவிடுவாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ தள்ளவில்லை. அந்தப் பெயருக்கு விளக்கம் எழுதினாய். உன் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது: 'தணிகாசலம் என்பது சமவெளிப் பெயர். மலைமக்களின் அறப்பணியில் சமவெளி மக்களும் தோள்கொடுத்தனர் என்பதற்கு இது சான்று.' என் அப்பாவின் தோளில் இஞ்சுநாடா தவிர வேறெதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. நீ ஒரு பெயரைப் பார்த்தாய், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மகிழ்ந்தாய். எழுதியது என் குற்றம். சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய குற்றம். அதற்காக உன்மேல் உள்ள கோபத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு அன்று அரைப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. உனக்கு என்ன அவசரம்?

அந்தப் பேராசிரியரோடும் தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர், உன்னைப் பற்றி உயர்வாகத்தான் பேசினார். நான்தான் அதை எழுதியவள், ஒரு பெயர் பொய், மற்ற பெயர்களுக்கு மேலே இருக்கிற தலைப்பும் பொய் என்று சொன்னேன். பிறகு, "மூணு இடத்துல பதிவாயிடுச்சேம்மா" என்றார். "மூணும் ஒண்ணுதாங்களே சார்" என்றேன். "அப்படிப் பாத்தா நம்ம மாவட்டத்துல ஒரு புத்தகமும் நிக்காது" என்றார். நிற்காத புத்தகங்கள் விழட்டும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பெரியவராயிற்றே என்று வைத்துவிட்டேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் ஏறிக் கரியாலூர் போனேன். அலமேலு கடையில் சுற்றுலா வந்த நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த எழுத்து உன்னுதா?"

"ஆமாங்கக்கா."

"மேல வந்து யாரையாச்சும் கேட்டியா?"

"இல்லீங்க."

"பஸ்ஸு இருந்துச்சே அப்பவே."

"இருந்துச்சு. கேக்கணும்னு தோணல."

"தோணாது. எப்பிடித் தோணும்?" என்றார். அங்கே வந்த எல்லோருக்கும் டீ கொடுத்தவர் எனக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை, டம்ளரை எடுக்கவே இல்லை. நோட்டில் இருந்த பெருக்கல் குறிகளைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அது வேலைக்கு வராதவன் பேருக்குப் போடுறது. மறுநாளு ஆளு வரும், கயித்தோட. எங்கப்பன் சாமை அறுக்கணும்னு ரெண்டு நாளு போவாம நின்னுட்டாரு. மூணாம் நாளு வந்துட்டாங்க." அவர் சொன்னது அவ்வளவுதான். அவருடைய அப்பா பெயரைக் கல்லிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நான் ஏதோ பெரிய பரிகாரத்தோடு வந்திருப்பதாக நினைத்திருந்தேன். அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"எதுக்கு எடுக்கற? அவுரு போவலையா? கல்லு தூக்கலையா? இந்தப் பாதை அவுரு போட்டதுதான், பேரு இருந்தே தீரணும். தானமின்ற பேச்ச எடு. எப்பிடி இட்டாந்தாங்களோ அப்பிடிப் போடு. மொதல்ல பொய்யா எழுதுன, இப்ப எழுதாமயே வுட்டுடலாம்னு பாக்கற."

இறங்கி வந்து விழாக்குழுவுக்கு என் பெயர், முகவரி, கையெழுத்தோடு நான்கு பக்கம் எழுதிக்கொடுத்தேன். பத்திரிகைக்குப் போகிற இந்தக் கடிதத்தில் நான் உன் அம்மா என்று தெரிந்தால் போதும். அங்கே பெயர் இருக்கிறது. எந்தெந்தப் பெயர்களுக்கு எதிரே குறி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. தீர்த்தான் பெயருக்கு இருந்ததா என்று சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்பதையும் எழுதினேன். நோட்டைக் கேட்டதற்குக் கரையான் அரித்துவிட்டது என்கிறார்கள். கல்லுக்குச் செலவு செய்வதும் அந்த நோட்டுக்காரர் குடும்பம்தான். குழுத்தலைவர் தாளைப் படித்துவிட்டு, "அந்த ரெண்டு பேரையும் எடுத்துடறோம்மா, அதோட வுட்டுடுங்க. வாசகத்த மாத்தணும்னா சார் எழுதிக் குடுக்கணும், அவுருதான ஆராய்ச்சியாளரு" என்றார். சார் என்றது உன்னை. தீர்த்தானும் தணிகாசலமும் போய்விட்டால் அவர்களுக்கு நிம்மதி. மிச்சம் பத்துப் பேர் தானம் செய்தவர்களாகவே நிற்பார்கள். அவர்களுக்காக எழுந்து கேட்க ஒரு அலமேலு இல்லை.

ஆகவே கல்லின் வாசகம் உன் கையில் வந்து நிற்கிறது. உன் பெயர் அடிபடும் என்று பயப்படுகிறாய், எனக்குப் புரிகிறது. வேலையில் சேரும்போதே 'முதல் புத்தகத்தில் தவறு விட்டவன்' என்று சொல்வார்கள். சொல்லட்டும். அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிற இடத்தில் வேலை செய்வது உனக்கு நல்லது. நீ கேட்ட மாற்றுச் சான்று இப்போது இரண்டு இருக்கிறது. எட்டு வயதில் கூழ் கொண்டுபோனபோது கண்ணால் பார்த்த ஒருத்தி. அந்தக் குறிகளைப் பார்த்தும் விட்டுவிட்ட ஒருத்தி. இரண்டையும் பதிவு செய். எங்கே எங்கள் பேச்சு ஒத்துப்போகிறது, எங்கே எனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுது. தணிகாசலம் எப்படி உள்ளே வந்தார் என்பதை எழுது. 'பெயர் தெரியாத கட்டுரையாளர்' என்று என்னைக் காப்பாற்றாதே. அம்மாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று உனக்குத் தயக்கம் வரும். இத்தனை வருஷம் நான் தயங்கியதும் என் அப்பா மேல் இருந்த இதே போன்ற ஒரு பாசத்தில்தான். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டாய்.

எழுதி முடித்ததும் நேராகக் குழுவுக்கு அனுப்பிவிடாதே. முதலில் கரியாலூர் போ. அலமேலு முன்னால் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டு. ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் அங்கேயே மாற்று. உனக்கு டீ கிடைக்கிறதா என்று எதிர்பார்க்காதே. அங்கிருந்து இறங்கி வந்து புது வாசகத்தையும் திருத்தத்தையும் குழுவிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறு. எள்ளுப்பொடியை அன்றைக்கு இடித்துத் தருகிறேன்.

நேற்று கல் கொத்துகிற பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். கல்லை இழைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு எழுத்தும் வெட்டவில்லை.

அம்மா